வடசென்னையில் சாரணர் இயக்கம்: பலகையில் எழுதும் முன் தீர்க்க வேண்டிய ஆண்டுக் கணக்கு

ராயபுரம் ரயிலடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியைச் சேர்ந்த பழைய சாரணர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தெருமுனைப் படிப்பகத்தின் உட்சுவரில் சாரணர் இயக்கத்தின் தொடக்கத்தைச் சொல்லும் பலகை ஒன்றை மாட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மாலையில் அங்கே படிக்க வரும் பிள்ளைகளில் பலர் பள்ளியில் சாரணர் சீருடை அணிகிறவர்கள். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வயதில் எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் எழுதியிருக்கும் வரைவு இதுதான்: “1907-இல் பேடன் பவல் பிரிட்டனில் தொடங்கிய சாரணர் இயக்கம் 1909-இல் இந்தியாவுக்கு வந்தது. அன்று முதல் நம் சிறுவர்கள் அதில் சேர்ந்து தொண்டாற்றி வருகிறார்கள். 1950-இல் இயக்கத்தின் பெயர் பாரத சாரண சாரணியர் இயக்கம் என மாற்றப்பட்டது.”

பலகை எழுதுபவர் வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் வேண்டும் என்கிறார். பெயின்ட் காய்ந்த பிறகு திருத்துவது கடினம் என்பதால், பிழை இருந்தால் இப்போதே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வண்ணை ஆசிரியர்

தம்பி, நல்ல காரியம் செய்கிறீர்கள். ஆனால் உங்கள் மூன்று வாக்கியங்களில் இரண்டு தவறு. அவற்றில் ஒன்று, படிக்கிற பிள்ளைக்கு நடந்ததையே மறைத்துவிடக்கூடிய தவறு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வாக்கியத்தில் குறையில்லை. 1907 ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரத்தில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களை வைத்து ஒரு பாசறை நடத்தினார். அவர்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்னும் கடற்கரைப் பறவை ஆகியவற்றின் பெயரால் நான்கு அணிகளாகப் பிரித்தார். உயர்குடிப் பள்ளிகளில் படித்த பையன்களும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்த உழைக்கும் குடும்பத்துப் பையன்களும் ஒரே அணியில் கலந்து, ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து உண்டார்கள் என்பதுதான் அந்தப் பாசறையின் தனிச் சிறப்பு. அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து அவர் எழுதிய கையேடு ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கிய பையன்கள் யாரையும் கேட்காமல் தாங்களாகவே அணி சேர்த்துக்கொண்டார்கள். இயக்கம் அப்படித்தான் பரவியது.

இனி இரண்டாவது வாக்கியம். 1909-இல் பெங்களூரில் கேப்டன் டி. எச். பேக்கர் என்பவர் இந்தியாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கி, லண்டன் தலைமையகத்தில் பதிவு செய்தார். 1910, 1911 ஆண்டுகளில் கிர்க்கி, சிம்லா, சென்னை, ஜபல்பூர் முதலிய இடங்களில் படைகள் தோன்றின. இவ்வளவும் சரிதான். ஆனால் “அன்று முதல் நம் சிறுவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த “நம்” என்ற சொல் அங்கே நிற்க முடியாது. அந்தப் படைகளில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் பிறந்த தமிழ்ப் பையனோ, மண்ணடியில் பிறந்த முஸ்லிம் பையனோ, சவுகார்பேட்டையில் வளர்ந்த தெலுங்குப் பையனோ எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்த வரிசையில் போய் நிற்க முடியாது. நாற்பது ஆண்டுகள் வகுப்பில் பாடம் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகளிடம் ஒரு கதவு திறந்த நாளைச் சொல்லும்போது, அது எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரம்பூர் மூன்றாம் தெரு

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வேண்டுகோள். இந்தப் பலகையைப் படிக்கிற பிள்ளை, ரயில்வே குடியிருப்புப் பையன்கள் நம்மை வெளியே நிறுத்தினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. விதியை எழுதியவர்கள் மேலே இருந்தார்கள். பதினொரு வயதுப் பையனுக்கு அதில் என்ன பங்கு இருக்கிறது?

1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ராயபுரம், பெரம்பூர், வேப்பேரி ஆகிய பகுதிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெருகின. ரயிலோட்டுநர்களும், பட்டறைக் கம்மியர்களும், நிலைய அலுவலர்களும் அவர்களில் பலர். என் சிறுவயதில், 1960-களின் நடுவில், எங்களுக்குக் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர். கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அதைத் தாழ்வான பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் உள்ளே பாய் விரிக்க விடுவார். வானத்தில் மேகமே இல்லாத நாளிலும் வெட்டச் சொல்வார். பின்னிரவில் மழை கொட்டியபோது பக்கத்துப் பள்ளிப் பையன்கள் நனைந்த போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் கூடாரத்துக்கு ஓடி வந்தார்கள். அவர் தமிழில் பேசியதை விடக் கையால் காட்டியதே அதிகம். அவரிடம் கற்ற எங்களுக்கு, 1909-இன் விதி வேறு, அந்த மனிதர் வேறு.

மற்றொரு செய்தியும் பலகையில் இடம்பெறலாம். இயக்கம் வெளியிலிருந்து இந்தியாவுக்கு “வந்தது” என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பேடன் பவல் 1876-இல் இளம் படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தவர். 1897 முதல் மீரட்டில் குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியபோதுதான், வேவு பார்க்கும் வீரர்களுக்குத் தடம் காண்பதையும், தனியே திசையறிந்து செல்வதையும், பார்த்ததை மனத்தில் பதித்துத் திரும்பி வந்து சொல்வதையும் முறையாகப் பயிற்றுவித்தார். அந்தப் பயிற்சிக் குறிப்புகள் 1899-இல் நூலாயின. பிறகு தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் முற்றுகையில் 217 நாள் தாக்குப்பிடித்துப் புகழ்பெற்றார். அந்தப் புகழால்தான் பிரிட்டிஷ் சிறுவர்கள் அவருடைய பழைய படைக் கையேட்டைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். ஆக, விதை ஊன்றிய நிலங்களில் ஒன்று மீரட்.

வண்ணை ஆசிரியர்

பெரம்பூர் நண்பர் சொன்ன இரண்டையும் மனமார ஏற்கிறேன். மீரட்டைப் பற்றிய செய்தி, அடுத்த கேள்விக்கு விடையாகவும் அமைகிறது. இந்தியச் சிறுவர்களை ஏன் சேர்க்கவில்லை?

தடம் காணுதல், வரைபடம் வரைதல், கொடியசைத்துச் செய்தி அனுப்புதல், இரவில் ஓசையின்றி நடத்தல், கூட்டமாகக் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஆகிய இவையெல்லாம் பிரிட்டிஷ் பையனுக்குக் கற்பித்தால் நற்குடிமகனை உருவாக்கும் என்றும், இந்திய மாணவனுக்குக் கற்பித்தால் கலகக்காரனை உருவாக்கும் என்றும் அரசாங்கம் கருதியது. வங்கப் பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. மாணவர்கள் என்றாலே அதிகாரிகளுக்கு ஐயம். 1917-இல் மாணவர்கள் அரசியல் கூட்டங்களுக்குச் செல்லக் கூடாது என்று சென்னை அரசாங்கம் ஆணையே பிறப்பித்தது.

இந்தச் சூழலில்தான் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு, இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார். எஃப். ஜி. பியர்ஸ் என்ற ஆசிரியரும் அதற்காக உழைத்தார். லண்டன் அனுமதிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அகன்ற தொப்பிக்குப் பதிலாக நம் பையன்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டில்தான் பெசன்ட், இந்தியாவுக்குத் தன்னாட்சி கோரிய ஹோம் ரூல் இயக்கத்தையும் தொடங்கினார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1917 ஜூன் மாதத்தில் பெசன்ட், அருண்டேல், பி. பி. வாடியா ஆகிய மூவரையும் அரசாங்கம் உதகையில் காவலில் வைத்து, செப்டம்பரில்தான் விடுவித்தது. தங்கள் சங்கத்தை நடத்தும் தலைவர்கள் காவலில் இருக்க, முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டிருந்த பையன்களை எண்ணிப் பாருங்கள்.

இதை, பெசன்ட் தலைமை தாங்கிய பிரம்மஞான சபை இருக்கும் தென்சென்னை அடையாறின் கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் வாதம். பெசன்ட் 1914-இல் தொடங்கிய இளைஞர் சங்கத்துக்காக எழுந்த கோகலே மண்டபம், ஜார்ஜ் டவுனில், நாம் அரண்மனைக்காரத் தெரு என்று அழைக்கும் ஆர்மீனியன் தெருவில்தான் இருந்தது. ஹோம் ரூல் காலத்து இளைஞர்கள் திரண்டு அவருடைய உரைகளைக் கேட்டது அங்கேதான். உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், பாரிமுனையிலிருந்து கூப்பிடு தொலைவு. வடசென்னைப் பலகையில் அந்தத் தெருவின் பெயர் வர வேண்டும்.

காசிமேட்டுக் கரை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நானும் சாரணனாக இருந்தவன், தாங்கள் எழுதியதை மதித்துப் படித்தேன். ஆனால் 1916-ஐக் கதவு திறந்த ஆண்டு என்று பலகையில் எழுதினால், யாருக்குத் திறந்தது என்ற கேள்வி மறுபடியும் எழும்.

அந்த ஆண்டில் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, நெசவாலைகளில் சிறுவர்களை நாளொன்றுக்கு 6 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். குறைந்தபட்ச வயது 9. அதை 12 ஆக உயர்த்திய திருத்தம் 1922-இல்தான் வந்தது. அப்படியென்றால், பள்ளிக்குப் போன பையன் சாரணனாகும் வயதை எட்டுவதற்கு முன்பே, பட்டாளம், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பகுதிகளில் இருந்த பையன் ஆலைச் சங்கு ஊதும்போது வாயிலில் நிற்க வேண்டியிருந்தது. அவனுக்கு மாலையில் கொடிக்கம்பத்தருகே வந்து நிற்க நேரம் ஏது, சீருடைக்குத் துணி ஏது?

ஆசிரியர் ஐயா வாடியாவின் பெயரைக் குறிப்பிட்டார். காவலிலிருந்து வெளிவந்த அந்த வாடியாதான், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வந்து அழைத்ததன்பேரில் பெரம்பூருக்கு வந்து, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம் பள்ளிப் பையனுக்கு ஸ்கார்ஃப் கட்டினார்கள், மறுபக்கம் ஆலைக்காரனுக்குச் சங்கம் அமைத்தார்கள். வடசென்னையில் இந்த இரண்டையும் பிரித்து எழுதக் கூடாது என்பது என் கருத்து. பலகையில் பெரம்பூரும் வர வேண்டும்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். 1980-களின் தொடக்கத்தில் நான் சாரணர் படையில் சேர்ந்த முதல் வாரம், சாரண ஆசிரியர் கயிறுகளைக் கொடுத்து, பவ்லைன் முடிச்சை ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். குழியிலிருந்து முயல் வெளியே வந்து, மரத்தைச் சுற்றி, மறுபடி குழிக்குள் போக வேண்டும் என்று விளக்கினார். நாங்கள் கடற்கரைப் பையன்கள் நான்கு பேர் அவர் பேசி முடிப்பதற்குள் போட்டு முடித்து நீட்டினோம். கட்டுமரத்தைக் கயிற்றால் பிணைக்கிற பையனுக்கு அது புதிதில்லை. ஆசிரியர் சற்று நேரம் எங்கள் கைகளையே பார்த்தார். பிறகு எங்களை முன்னால் வரச் சொல்லி, அந்த மாதம் முழுவதும் மற்றப் பையன்களுக்கு முடிச்சுகளை எங்களையே கற்பிக்க வைத்தார். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களை ஒருவர் முன்னால் அழைத்தது அதுவே முதல் முறை. சாரணர் இயக்கத்தின்மீது எனக்குள்ள பற்று அங்கே பிறந்தது. யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்று நான் இவ்வளவு வற்புறுத்திக் கேட்பதும் அதனால்தான்.

ராயபுரம் ரயிலடி

காசிமேட்டு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. பெரம்பூரைச் சேர்க்கிறேன், அதில் ஐயமில்லை. மூன்றாவது வாக்கியமும் தவறு என்று ஆசிரியர் ஐயா சொல்லியிருந்தார். பெயர் மாற்றம் என்று எழுதியதில் என்ன பிழை என்பதையும் அருள்கூர்ந்து விளக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சாரணிய ஆசிரியை, கொருக்குப்பேட்டை

அதை நான் சொல்கிறேன் தம்பி. இதுவரை எழுதியவர்கள் அனைவரும் “பையன், பையன்” என்றே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மாட்டப்போகும் பலகையைப் படிக்க வருபவர்களில் பாதிப்பேர் பெண்பிள்ளைகளாக இருப்பார்கள்.

1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஏறத்தாழ 11,000 சாரணர்கள் கூடிய பேரணிக்கு, யாரும் அழைக்காமலேயே சில பெண்பிள்ளைகள் சீருடை அணிந்து வந்து, எங்களுக்கும் இதில் இடம் வேண்டும் என்று நின்றார்கள். அதன் விளைவாகவே அடுத்த ஆண்டில் பேடன் பவலின் தங்கை ஆக்னஸின் தலைமையில் சாரணியர் இயக்கம் உருவானது. இந்தியாவில் முதல் சாரணியர் குழு 1911-இல் ஜபல்பூரில் தொடங்கியது. அதுவும் தொடக்கத்தில் ஐரோப்பியப் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே. பெண்பிள்ளைகள் கேட்டுப் பெற்ற இயக்கம் அது என்பதை ஒரு வரியிலாவது எழுதுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1950-இல் நடந்தது பெயர் மாற்றம் அன்று. பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாயின. ஒன்று லண்டனோடு தொடர்புடைய பழைய சங்கம், மற்றொன்று இந்துஸ்தான் சாரணர் சங்கம். இரண்டும் 1950 நவம்பர் 7 அன்று இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. சாரணியர் சங்கம் அதில் சேர்ந்தது அடுத்த ஆண்டு, 1951 ஆகஸ்டு 15 அன்று. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு உரிய நாள் வேறு. நான் பணியில் இருந்த காலத்தில், ஆண்டுதோறும் நவம்பர் 7 அன்று கொடியேற்றி முடித்த பிறகு, என் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது தேதியையும் சொல்லாமல் கலையச் சொன்னதில்லை.

சங்கங்கள் ஏன் பிரிந்தன என்பதை ஆசிரியர் ஐயா இன்னும் நன்றாகச் சொல்வார்.

வண்ணை ஆசிரியர்

அம்மா சொன்னது என்னைத் திருத்தியது. நானும் “பையன்” என்றே எழுதிவிட்டேன்.

பிரிவின் கதை 1921-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். இந்தியச் சிறுவர்கள் சாரணர்களாகவே ஆகிவிட்டதை அவர் நேரில் கண்டார். பெசன்டின் சங்கம் அவருடைய சங்கத்தோடு இணைந்தது. பெசன்ட் இந்தியாவுக்கான கௌரவ ஆணையர் ஆனார். நான்கு ஆண்டுகளுக்கு முன் காவலில் வைக்கப்பட்டவரையே ஆணையராக ஏற்க வேண்டி வந்தது. பின்னர் 1932-இல் சாரணர் இயக்கத்தின் உயர்ந்த விருதான வெள்ளி ஓநாய் விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. அதே 1921-இன் நடுவில்தான் பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தன என்பதைக் காசிமேட்டு நண்பரின் பொருட்டுக் குறிப்பிடுகிறேன். சாரணர் சங்கங்கள் கைகோத்த அந்த ஆண்டு, வடசென்னைக்கு நெருப்பும் கண்ணீருமான ஆண்டு.

ஆனால் வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் நடத்திய சேவா சமிதி சாரணர் சங்கம் இணைய மறுத்தது. காரணம், உறுதிமொழியில் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற சொற்கள் இருந்தன. தங்கள் பிள்ளைகளின் விசுவாசம் முதலில் நாட்டுக்கே என்றார்கள். ஓர் உறுதிமொழியில் உள்ள இரண்டு மூன்று சொற்களுக்காக முப்பது ஆண்டுகள் தனித்து நின்றார்கள் என்றால், அந்தச் சொற்களை அவர்கள் எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். மனத்தில் இல்லாததை மூன்று விரலை உயர்த்திச் சொல்ல மாட்டோம் என்பதை விடச் சாரணப் பண்பு வேறு என்ன இருக்கிறது?

1937-இல் பேடன் பவல் தில்லியில் நடந்த சாரணர் பெருங்கூட்டமான அகில இந்திய ஜாம்போரிக்கு மறுபடி வந்தார். அதன் பின், இந்தியரின் ஒழுக்கத்தைத் தாழ்த்தியும், ஆங்கிலத்தில் ‘ஹானர்’ என்பதற்கு இந்திய மொழிகளில் சொல்லே இல்லை என்ற பொருள்படவும் அவர் கூறியதாகச் செய்தி பரவி, நாடெங்கும் சினம் மூண்டது. அதன் தொடர்ச்சியாக 1938-இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. திருக்குறளில் ‘மானம்’ என்றே ஓர் அதிகாரம், பத்துக் குறள் இருக்கிறது. சென்னையில் எந்தத் திண்ணைப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கும். அவருடைய இயக்கத்தில் நான் முப்பது ஆண்டுகள் சாரண ஆசிரியனாக இருந்தேன். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இந்த ஒன்றில் அவர் தவறினார் என்பதை மறைக்க மாட்டேன்.

பெரம்பூர் மூன்றாம் தெரு

சொல் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘சாரணர்’ என்ற நம் சொல்லே எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது பாருங்கள். சிலப்பதிகாரத்தில், மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் சந்திக்கும் சமணப் பெரியவரைச் சாரணர் என்றே இளங்கோ சொல்கிறார். ஓரிடத்தில் தங்காமல் இயங்கிக்கொண்டே அறம் உரைப்பவர் அவர். சாரணன் என்றால் ஒற்றன் என்ற பொருளும் அகராதியில் உண்டு. மீரட்டின் வேவு வீரனும், ஊர் ஊராகச் சென்று நல்லது செய்கிறவனும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். இதைப் பலகையில் சேர்ப்பது உங்கள் விருப்பம்.

காசிமேட்டுக் கரை

சேர்க்க வேண்டும் என்பதே என் விருப்பமும். பிள்ளைகள் சீருடையில் எழுதியிருக்கும் சொல்லின் பொருள் தெரியாமல் அணியக் கூடாது.

பேடன் பவலின் நான்கு அணிகளில் ஒன்று கர்லூ என்று ஆசிரியர் ஐயா எழுதியிருந்தார். வளைந்த நீண்ட அலகுடைய அந்தப் பறவை குளிர்காலத்தில் நம் பழவேற்காட்டுச் சேற்றுக்கும் வருகிறது. அலை வடிந்த பின் நண்டு குத்தித் தின்னும். எங்கள் அப்பா வலை காயப்போடும்போது அதைக் காட்டியிருக்கிறார்.

கொடுங்கையூர் பேரன்

நெடுநாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன், இன்றுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் என் தாத்தாவின் சாரணர் கழி ஒன்று இருக்கிறது. அவர் 1920-களில் ஜார்ஜ் டவுனில் படித்தவர். மூங்கில் கழி, என் மோவாய் உயரம் இருக்கும். அடியில் இரும்புப் பூண். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடி அடியாகக் கோடு சுட்டிருக்கிறது. மேல் பாதியில் அங்குலக் கோடுகளும் உண்டு. குளத்தின் ஆழம் பார்க்கவும், இரண்டு கழிகளுக்கு இடையே சட்டையைக் கோத்துக் காயம்பட்டவரைத் தூக்கவும் பயன்படும் என்று தாத்தா சொல்வார்.

அவர் படித்த பள்ளிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்று, பழைய சாரணர் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டேன். கட்டடம் இடித்துக் கட்டியபோது பழைய காகிதக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளியின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை, ஆனால் அன்று திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. எங்களிடம் எஞ்சியிருப்பது இந்தக் கழி ஒன்றுதான். படிப்பகத்தில் பாதுகாப்பாக வைப்பீர்கள் என்றால் தருகிறேன்.

ஓய்வுபெற்ற சாரணிய ஆசிரியை, கொருக்குப்பேட்டை

தம்பி, அதை எடுத்துவரும்போது எண்ணெயோ வார்னிஷோ தடவிவிடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். சுட்ட கோடுகளின் மீது மெழுகு ஏறினால் எழுத்து மறைந்துவிடும். கழியின் மேல்முனைக்குக் கீழே நன்றாகப் பாருங்கள். அணியின் பெயரையோ அடையாளத்தையோ அந்த இடத்தில்தான் சுடுவது வழக்கம்.

ராயபுரம் ரயிலடி

கழியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கிறோம், பூட்டு எங்கள் பொறுப்பு. திருத்திய வாசகத்தை இதோ உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்:

“1907-இல் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு தொடங்கிய சாரணர் இயக்கம், 1909-இல் பெங்களூரிலும், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சென்னையிலும் படைகளைக் கண்டது. அப்போது அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. 1911-இல் ஜபல்பூரில் முதல் சாரணியர் குழு தோன்றியது. 1916-இல் அன்னி பெசன்ட் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் அமைத்தார். அந்நாளில் அவர் உரையாற்றிய கோகலே மண்டபம் இங்கிருந்து தெற்கே அரண்மனைக்காரத் தெருவில் இருந்தது. அவருடைய தோழர் வாடியா 1918-இல் பெரம்பூரில் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது, ஆலையில் 9 வயதுப் பிள்ளைகளும் வேலை செய்யச் சட்டம் இடம் தந்தது. 1921-இல் பெசன்டின் சங்கமும் பேடன் பவலின் சங்கமும் இணைந்தன. மன்னருக்கு உறுதிமொழி கூற மறுத்தவர்கள் தனித்து நின்றார்கள். சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்றும், அவற்றோடு சாரணியர் 1951 ஆகஸ்டு 15 அன்றும் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றானார்கள்.”

சாரணர் என்ற சொல்லின் பொருளைக் கீழே தனிக் கட்டத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். பலகை இரண்டடி நீளம் கூடிவிட்டது. எழுதுபவர் முதலில் தயங்கினார். வாசகத்தைப் படித்துக் காட்டியதும், தம் பாட்டனார் பத்து வயதில் ஆலைக்குப் போனவர் என்று சொல்லி, கூடுதல் நீளத்துக்குக் கூலி வேண்டாம் என்றார். பெயின்ட் விலையை மட்டும் தருகிறோம்.

வண்ணை ஆசிரியர்

திருத்த எதுவுமில்லை. எழுதச் சொல்லுங்கள்.

கொடுங்கையூர் பேரன்

அம்மா சொன்னபடி கழியைத் துடைத்துப் பார்த்தேன். மேல்முனையிலிருந்து நான்கு விரற்கடை கீழே, அழுக்கு அடைந்திருந்த இடத்தில், சுட்ட எழுத்து தெரிகிறது. இத்தனை ஆண்டுகள் அதை முடிச்சுத் தழும்பு என்றே நினைத்திருந்தோம். தமிழில் மூன்றே எழுத்து: மயில். ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து வருகிறேன்.